மிதிவண்டியில் வந்த இதய மருத்துவர்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

நோய் என்று வந்துவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாச் சட்டம். அந்த நோய் நெஞ்சில் என்று தெரிந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கட்டிலைவிட்டுக் கால் தரையில் படக் கூடாது. இது நம் பாட்டிமார் போட்ட சட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்புவரை அமெரிக்க நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைகளிலும் இதே சட்டம்தான் கோலோச்சியது. மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உணவு ஊட்ட ஓர் ஆள், முகம் மழிக்க ஓர் ஆள். அந்தக் கட்டுகளைத் தளர்த்தியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் பால் டட்லி ஒயிட். கவிஞர்களையும் தலைவர்களையும் பற்றி இம்மலரில் எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். விலங்கியல் மாணவனாகிய நான் ஓர் இதய மருத்துவரைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போஸ்டன் நகரைச் சேர்ந்த ராக்ஸ்பரி என்னும் பகுதியில் 1886 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6 ஆம் நாள் ஒயிட் பிறந்தார். தந்தையார் ஊருக்கு வைத்தியம் பார்த்த குடும்ப மருத்துவர். மகனும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1911 இல் மருத்துவரானார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார். சாகும்வரை அந்த மருத்துவமனையின் பெயரோடு அவர் பெயரும் ஒட்டியே இருந்தது. அவருடைய தங்கை ஒருத்தி, மூட்டுவாதக் காய்ச்சலால் இதயம் கெட்டு, இளம் வயதிலேயே மாண்டு போனாள். அந்த இழப்பே அவரை இதயத்தின் பக்கம் திருப்பியது என்று அவர் வாழ்வை அறிந்தவர்கள் சொல்வதுண்டு.

அந்நாளில் இதய மருத்துவம் என்று தனித்துறை ஏதும் இல்லை. காதில் குழலை வைத்துக் கேட்பதும், மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பதுந்தான் மருத்துவர்களின் ஆயுதங்கள். ஆனால் ஆலந்து நாட்டின் லைடன் நகரில் ஐந்தோவன் என்பவர், இதயம் துடிக்கும்போது பிறக்கும் மெல்லிய மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியைச் செய்திருந்தார். இன்று நாம் ஈ.சி.ஜி. என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதன் பாட்டன் அது. அந்தப் பாட்டன் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்! இதனைக் கொண்டு நாடியின் தாறுமாறுகளை ஆராய்வதில் அன்று தலைசிறந்தவர் லண்டனில் இருந்த தாமஸ் லூயிஸ். 1913 இல் ஒயிட் அவரிடம் மாணவராகச் சென்றார். மறு ஆண்டு ஒரு கருவியோடு போஸ்டன் திரும்பினார்.

இங்கே நம் உடலியல் பாடத்தைச் சற்றே நினைவூட்ட வேண்டும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்க. இதயத்துக்கு நான்கு அறைகள். வலது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு திசுக் கணு. அங்கிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆணை பிறக்கிறது. ஆணை மேலறைகளைச் சுருக்கிவிட்டு, நடுவில் இருக்கும் இன்னொரு கணுவில் ஒரு கணப்பொழுது தங்கி, பிறகே கீழறைகளுக்குப் போகிறது. அந்தத் தங்கல் இல்லாவிட்டால் மேலறைகளின் இரத்தம் கீழறைகளுக்கு இறங்க நேரமிராது. இந்த ஒழுங்கு கெடுவதைத்தான் துடிப்புச் சீர்கேடு என்கிறோம். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது மேலறை நடுக்கம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது மருத்துவர் வழக்கு. மேலறைகள் முறையாகச் சுருங்காமல் காற்றில் அலையும் இலைபோல் நடுங்கும். நாடி, தாளம் தெரியாதவன் கையில் அகப்பட்ட மத்தளம் போல ஒலிக்கும். தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

முதல் உலகப் போர் மூண்டது. ஒயிட் பிரான்சில் இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றினார். அந்தப் போரில் மருத்துவர்களைத் திகைக்க வைத்த ஒரு நோய் உண்டு. காயம் ஏதுமில்லாத இளம் வீரர்கள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். இதயம் கெட்டுவிட்டது என்று அவர்களைப் படுக்க வைத்தார்கள். படுக்கப் படுக்க நோய் வளர்ந்தது. ஒயிட்டின் ஆசான் லூயிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். அவர்களை எழுப்பிப் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும் உடற்பயிற்சியில் இறக்கினார். தேறியவர்கள் தேறினார்கள், தேறாதவர்கள் யார் என்பதும் தெரிந்துபோயிற்று. பயிற்சி மருந்தாகவும் இருந்தது, உரைகல்லாகவும் இருந்தது.

உரைகல் என்று சொன்னேன். ஒயிட்டின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி அந்தச் சொல்லுக்கு உரியது. 1928 ஏப்ரல் 2 ஆம் நாள். முப்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் அவரிடம் வந்தார். அவர் தொழில் என்ன தெரியுமா? உடற்பயிற்சி ஆசிரியர்! கட்டான உடல். ஆனால் பல ஆண்டுகளாக அவ்வப்போது இதயம் திடீரென்று பேய்வேகத்தில் அடித்துக்கொள்ளும். பிறகு தானே அடங்கும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் கோடுகள் விபரீதமாக இருந்தன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருக்க வேண்டிய அந்தத் தங்கல் குறைந்திருந்தது. கீழறைக்கான கோடு அகன்று, இதயத்தின் மின்பாதையில் பெரும் பழுது உள்ளவர்களின் கோடு போலத் தோன்றியது. வேறொரு மருத்துவராயிருந்தால் என்ன செய்திருப்பார்? ஆசிரியர் வேலையை விடு, அசையாதே, வீட்டில் இரு என்றிருப்பார். அந்தக் கோட்டைப் பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

ஒயிட்டும் அவருடைய இளைய துணைவர் லூயி உல்ஃபும் அவரை உடல் வருந்த இயங்கச் செய்து, மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். கோடு நேராகிவிட்டது! ஒழுங்கான இதயத்தின் ஒழுங்கான கோடு. ஓய்வு கொண்டால் பழைய விபரீதம் திரும்பியது. அட்ரோபின் மருந்து கொடுத்தபோதும் பயிற்சி செய்ததைப் போன்றே கோடு சீராயிற்று.

இதன் காரணம் பின்னர்தான் விளங்கிற்று. சிலருக்குப் பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஒரு கூடுதல் தசைப்பாலம் இருக்கிறது. ஆணை நடுக்கணுவில் தங்காமல் இந்தக் குறுக்கு வழியில் பாய்ந்து கீழறையை முன்கூட்டியே தட்டி எழுப்பிவிடுகிறது. உடல் இயங்கும்போது வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, நடுக்கணு சுறுசுறுப்படைகிறது. ஆணை நேர்வழியிலேயே விரைந்து வந்துவிடுவதால் குறுக்கு வழிக்கு வேலையில்லை. ஒயிட் இதே போன்றவர்களைத் தேடினார். லண்டனில் ஜான் பார்க்கின்சனிடமும் சிலர் இருந்தார்கள். மொத்தம் 11 பேரைப் பற்றி மூவரும் சேர்ந்து 1930 இல் எழுதிய கட்டுரையால், உல்ஃப் - பார்க்கின்சன் - ஒயிட் நோய் என்ற பெயர் இன்றளவும் பாடநூல்களில் நிற்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி செய்ததால் அந்த ஆசிரியரின் பாலம் மறைந்துவிடவில்லை. இந்த நோய் உள்ள சிலருக்கு மேலறை நடுக்கமும் சேர்ந்துகொண்டால், குறுக்கு வழியாகத் துடிப்புகள் கட்டுக்கடங்காமல் பாய்ந்து உயிருக்கே உலை வைப்பதுண்டு. 1968 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மீனவருக்கு நெஞ்சைத் திறந்து அந்தப் பாலத்தை அறுத்தார்கள். இன்று தொடைக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திச் சுட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு நோய் அத்தோடு சரி. ஆகவே ஒயிட் கண்டது மருந்தன்று. விபரீதமாகத் தோன்றும் கோட்டைக் கண்டதும் ஒரு மனிதனை முடக்கிப் போடாதே, முதலில் இயங்க வைத்துப் பார் என்கிற நெறியை அவர் அன்று செய்து காட்டினார் என்பதே என் எண்ணம்.

என் வீட்டைப் பற்றி இங்கே நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு அவருக்கு மேலறை நடுக்கம் என்று கண்டுபிடித்தார்கள். வந்து வந்து போகிற வகை. ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை வாசித்துச் சொன்னவன் நானே. இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, சமதரையில் நாள்தோறும் நடை என்று அதில் இருந்தது. மாத்திரையை வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள், நடையை ஏற்கவில்லை. இருதயக்காரனை நடக்க விடுகிறீர்களே, நீங்களெல்லாம் மனிதர்களா என்று அத்தை சண்டைக்கு வந்தார். வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரியும் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். சாரத்தில் ஏறித் தலை சுற்றினால் என்னாவது என்பது அவர் பயம். அந்த மாத்திரை தின்பவர் விழுந்து அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாரம் வேறு, தெரு வேறு அல்லவா? முப்பது ஆண்டுகள் செங்கல் சுமந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தால் நெஞ்சு வெடித்துவிடுமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நூலகத்தில் இதயத்தைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். அங்கே எதிர்ப்பட்டவர் இந்த ஒயிட்.

நடையை இதயத்துக்கு மருந்தாகச் சொன்ன முதல் ஆள் ஒயிட் அல்லர். அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854 இலேயே தம் நூலில், வலுவிழந்த இதயமுள்ளவர் முதலில் சமதரையிலும் பிறகு சிறிது சிறிதாக மேட்டிலும் நடந்து பழகலாம் என்று எழுதியிருக்கிறார். நாடி மிகவும் மெதுவாகி மயங்கி விழும் துடிப்புச் சீர்கேட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஸ்டோக்ஸ்தான். ஆயினும் நூறாண்டு காலம் அவர் சொல் ஏட்டில் கிடந்தது. கட்டில் வென்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டிலின் வெற்றிக்கு ஒயிட்டின் ஆராய்ச்சியும் ஒரு கை கொடுத்தது! மாரடைப்பில் இறந்த 72 பேரின் இதயங்களை அவரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து, காயம் ஆறி வடுவாக எத்தனை வாரம் பிடிக்கிறது என்பதை 1939 இல் வெளியிட்டார்கள். காயம் ஆறும்வரை ஆடாதே அசையாதே என்று மருத்துவ உலகம் அதனை எடுத்துக்கொண்டது. ஆறிய பிறகு எழுந்து நடக்கச் சொல்ல மட்டும் பலர் மறந்துபோனார்கள்.

அதை உலகமே பார்க்கும்படி நினைவூட்டும் வாய்ப்பு 1955 இல் வந்தது. செப்டம்பர் 23 ஆம் நாள் டென்வர் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வழக்கம்போல் கோல்ஃப் ஆடினார். ஒரே நாளில் 27 குழிகள். அன்றிரவு மார்வலி. முதலில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லப்பட்டது, பிறகு மாரடைப்பு என்று தெரிந்தது. 26 ஆம் நாள் பங்குச் சந்தை சரிந்தது. அதற்கு முந்தைய நாளே ஒயிட் டென்வருக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். செய்தியாளர்களை உட்கார வைத்து மாரடைப்பு என்றால் என்ன, இதயத்தில் எங்கே காயம், எத்தனை நாளில் ஆறும் என்று வகுப்பு எடுப்பதுபோல் விளக்கினார். தலைவரின் மலம் கழிந்ததைக்கூட மறைக்காமல் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதுவரை மாரடைப்பு என்ற சொல்லையே கிசுகிசுத்து வந்த மக்கள், அதையும் சளி காய்ச்சலைப் போலப் பேசலாம் என்று கற்றுக்கொண்டது அன்றுதான். நவம்பர் 11 ஆம் நாள் ஐசன்ஹோவர் மருத்துவமனையை விட்டுத் தம் காலால் நடந்து வெளியே வந்தார். மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்று 1961 வரை நாட்டை ஆண்டார். இது துடிப்புச் சீர்கேடன்று, மாரடைப்பு, அறிவேன். ஆனால் இதய நோயாளி என்றால் வாழ்வு முடிந்தது என்ற பொது அச்சம் இரண்டுக்கும் ஒன்றே.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். கிளாரன்ஸ் டிமார், அச்சுக்கூடத் தொழிலாளி. 1911 இல் போஸ்டன் மராத்தான் ஓட வந்தபோது சோதித்த மருத்துவர்கள் அவர் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, இனி ஓடாதே என்று எச்சரித்தார்கள். அவர் அந்தப் பந்தயத்தில் வென்றார். சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து மீண்டும் வந்து, 1922 முதல் 1930 வரை மேலும் ஆறு முறை வென்றார். 1958 இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இதயத்தை ஆராய்ந்து ஒயிட்டும் கரன்ஸ் என்ற மருத்துவரும் 1961 இல் எழுதினார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சராசரி மனிதனுக்கு இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டலாமா என்று புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். கட்டக்கூடாதுதான். பிறவியிலேயே அகன்ற குழாய் வாய்த்ததால் அவர் ஓடினாரா, ஓடியதால் குழாய் அகன்றதா என்று எவராலும் சொல்ல முடியாது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தாம் மகிழ்வுந்தில் ஏறிப் போகிறவர் அல்லர் ஒயிட். மின்தூக்கி இருக்கும் இடத்திலும் படியேறுவார். முதுமையிலும் மிதிவண்டியில் சென்றார். அமெரிக்க நகரங்களில் மிதிவண்டிக்குத் தனிப்பாதை வேண்டும் என்று பேசி வந்தார். வாஷிங்டன் விமான நிலையத்தில் இறங்கி வெள்ளை மாளிகைக்கு நடந்தே போனதுண்டு. குடியரசுத் தலைவரைப் பார்க்க வந்த மருத்துவர் இப்படிப் புழுதிக் காலோடு வருகிறாரே என்று வாயிற்காவலர் எண்ணியிருக்கக் கூடும். இது என் கற்பனை.

விலங்கியல் மாணவன் என்பதால் இன்னொன்றை விட்டுவிட மனமில்லை. யானையின் ஈ.சி.ஜி.யை எடுத்தவர்களுள் ஒயிட்டும் ஒருவர். 1952 இல் அலாஸ்காக் கடலில் வெள்ளைத் திமிங்கலம் ஒன்றின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். பிறகு சாம்பல் திமிங்கலத்தைத் தேடி மெக்சிகோ நாட்டுக் கடற்கழிக்குப் போனார்; சினங்கொண்ட திமிங்கலம் படகைத் தாக்கிவிட்டது. அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது! உடல் பெருக்கப் பெருக்கத் துடிப்பு மெதுவாகிறது என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு வரிக்குப் பின்னால் இப்படிப்பட்ட அலைச்சல்கள் இருக்கின்றன.

ஒயிட்டின் காலத்தில் மேலறை நடுக்கத்துக்குப் பயிற்சி உதவுமா என்று அளந்து பார்த்தவர் இல்லை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அளந்தார்கள். நார்வே நாட்டில் 51 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இடைவிட்டு நான்கு நான்கு நிமிடம் மூச்சு வாங்க நடந்தார்கள் அல்லது ஓடினார்கள். நடுக்கத்தில் கழிந்த நேரம் அவர்களுக்கு நூற்றுக்கு 8.1 பங்கிலிருந்து 4.8 பங்காகக் குறைந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்குக் குறையவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 120 பேரை வைத்துச் செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையோடு ஆறு மாதம் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ஓராண்டு வரை நடுக்கம் திரும்பவில்லை. மற்றவர்களில் 20 பேருக்குத்தான் அப்படி. இதை அப்பாவிடம் சொன்னபோது மீதி 60 பேருக்குத் திரும்பியது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்து, சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் 80 பேருக்குத் திரும்பியிருக்கிறதே என்றார். கணக்கு என்னிடமிருந்து அவருக்குப் போகவில்லை, அவரிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது போலும்! இப்போது விடியற்காலையில், அத்தை எழுவதற்கு முன்னால், ஏரிக்கரைமேல் நடந்துவிட்டு வருகிறார்.

அளவு மீறினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது. சுவீடனில் பனிமேல் 90 கிலோமீட்டர் சறுக்கும் பந்தயத்தில் பங்கேற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2013 இல் எழுதினார்கள். அடிக்கடி பங்கேற்றவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் துடிப்புச் சீர்கேடு கூடுதலாகவே கண்டது. எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் அளந்து சொல்ல வேண்டும். இதயத்தை அளந்து பார்த்த பிறகே நடக்கச் சொன்னவர் ஒயிட் என்பதையும் மறக்கலாகாது.

1924 இல் அமெரிக்க இதயக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், 1931 இல் இதய நோய் பற்றிய பெருநூலை எழுதியவர், 1964 இல் அந்நாட்டின் உயரிய விடுதலைப் பதக்கத்தைப் பெற்றவர் என்று அவர் சிறப்புகளை அடுக்கிக்கொண்டே போகலாம். 1971 இல், அமெரிக்காவும் சீனாவும் முகம் கொடுத்துப் பேசாதிருந்த காலத்தில், 85 வயதில் சீனம் சென்ற அமெரிக்க மருத்துவர் குழுவில் அவரும் இருந்தார். 1973 அக்டோபர் 31 ஆம் நாள் போஸ்டனில் காலமானார், வயது 87. சார்லஸ் ஆற்றின் கரையோரம் செல்லும் மிதிவண்டிப் பாதைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதில் இன்றும் நடப்பவர்கள் நடக்கிறார்கள், மிதிப்பவர்கள் மிதிக்கிறார்கள்.